விற்பனை ஏறியும் கையில் காசு நிற்காதது ஏன்? சிறு தொழிலில் பணவோட்டம்

தொழில் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் பல சிறு முதலாளிகள் கூலி கொடுக்கக் கைமாற்று தேடி அலைகிறார்கள். விற்பனை போன வருடத்தைவிட அதிகம். ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கில் லாபமும் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை வந்தால் பேங்க் கணக்கில் எதுவும் இல்லை. எங்கோ திருட்டு நடக்கிறதோ, வீட்டுச் செலவு கைமீறிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. காசு தொழிலுக்குள்ளேயேதான் இருக்கிறது. குடோனில் மூட்டையாகவும், கடைக்காரர்களிடம் பாக்கியாகவும் இருக்கிறது.

போட்ட காசு எந்தத் தேதியில் வெளியே போகிறது, எந்தத் தேதியில் திரும்பி வருகிறது என்ற கணக்குக்குத்தான் பணவோட்டம் என்று பெயர். எவ்வளவு மிஞ்சும் என்பதை லாபக் கணக்கு சொல்லும். அது எப்போது கைக்கு வரும் என்று அது சொல்லாது. வியாபாரம் ஒரே அளவில் ஓடும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வளர ஆரம்பித்ததும் இதுதான் முதல் பிரச்சினை.

எண்ணோடு பார்த்தால் சட்டென்று புரியும். மதுரை வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் பக்கம் இருப்பதுபோல ஒரு சின்ன அப்பள யூனிட்டை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. மாதம் 3 லட்ச ரூபாய்க்கு விற்பனை. உளுந்து மாவு, அப்பளக்காரம், எண்ணெய், கவர் எல்லாம் சேர்த்து 1,80,000. கூலி 60,000. வாடகை, கரண்ட், வண்டி டீசல் 24,000. ஆக மொத்தச் செலவு 2,64,000, லாபம் 36,000. நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கிறது, குறை சொல்ல முடியாத தொழில்.

இனி நாட்களைப் பார்ப்போம். வாங்கிய சரக்கு குடோனில் சராசரியாக 10 நாள் கிடக்கிறது. தேய்த்து, காய வைத்து, பாக்கெட் போட 5 நாள். வண்டி ஏறும்வரை இன்னொரு 5 நாள். கடைக்காரர் பணம் கொடுக்க 40 நாள். கூட்டினால் 60 நாள். மாவு கொடுக்கும் மில்காரர் 15 நாள் தவணை தருகிறார், அதைக் கழித்தால் 45 நாள். அதாவது இன்று நம் கையைவிட்டுப் போகிற ரூபாய் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகிறது. அதுவரை தொழில் நிற்காமல் ஓட வேண்டுமென்றால் 45 நாள் செலவுக்கான காசு எப்போதும் உள்ளே கிடந்தாக வேண்டும். ஒரு நாள் செலவு 8,800 ரூபாய். 45 நாளுக்கு 3,96,000, சுமார் 4 லட்சம். இதைத்தான் பேங்கில் நடைமுறை மூலதனம் என்பார்கள், கடைத்தெருவில் ரொட்டேஷன் பணம் என்பார்கள். கூலிக்குத் தவணை கிடையாது என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். தோராயத்துக்கு இது போதும்.

இந்த யூனிட்டுக்கு நல்ல காலம் பிறந்து விற்பனை 6 லட்சமாகிறது என்று வைப்போம். ஒரு நாள் செலவு 17,600 ஆகிவிடும். நாட்கள் மாறவில்லை, அதே 45. இப்போது உள்ளே கிடக்க வேண்டிய காசு 7,92,000. புதிதாக 4 லட்சம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். மாத லாபம் 72,000 ஆகியிருக்கும், உண்மைதான். அதில் வீட்டுக்கு 30,000 போனால் மிச்சம் 42,000. அதைச் சேர்த்துச் சேர்த்து 4 லட்சம் ஆக ஒன்பது, பத்து மாதம் ஆகும். மாவு மில்லுக்கும் கூலிக்கும் அத்தனை மாதம் காத்திருக்க நேரமில்லை. இங்கேதான் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போகிறோம்.

வளர்ச்சி என்பது முதலில் காசைக் கேட்கும், பிறகுதான் கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்டால் விற்பனை ஏறும்போது வரும் நெருக்கடியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், தயாராக இருப்பார்கள்.

ஒரு நாளின் விலை

மேலே உள்ள கணக்கில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அந்த 17,600. அதுதான் அந்த யூனிட்டுக்கு ஒரு நாளின் விலை. சுழற்சியில் எங்கே ஒரு நாளைக் குறைத்தாலும் 17,600 ரூபாய் வட்டியில்லாமல், யாரிடமும் கேட்காமல் கைக்கு வருகிறது. வசூல் 40 நாளிலிருந்து 30-க்கு வந்து, குடோன் சரக்கு 10 நாளிலிருந்து 7 நாளானால் 13 நாள் மிச்சம். அதாவது 2,28,800 ரூபாய். தேவைப்பட்ட 4 லட்சத்தில் பாதிக்கு மேல் நம் தொழிலுக்குள்ளேயே இருந்திருக்கிறது! கடன் வாங்குவதற்கு முன்னால் இந்த நாட்களைத் தேட வேண்டும். உங்கள் மாதச் செலவை 30-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் எண் கிடைத்துவிடும்.

நாட்கள் அதிகம் தொலைவது வசூலில்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கொடுத்த காசைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். கேட்டால் பார்ட்டி வேறு ஆளிடம் போய்விடுவார் என்ற பயம் கூடவே இருக்கும். நான் பார்த்தவரை, முறையாகக் கேட்பவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் கேட்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று அவசரமாக வந்து மொத்தமாகக் கேட்கும்போதுதான் முகம் சுளிக்கிறார்கள். கடைக்காரருக்கும் கல்லாவில் அளவான காசுதான் இருக்கும். ஒழுங்காக வந்து கேட்பவருக்கு முதலில் போகும், கேட்காதவருக்குக் கடைசியில் போகும்.

வண்டி சரக்கு போடும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வசூல் நாளை நிலையாக வையுங்கள். திங்கள் உசிலம்பட்டி, செவ்வாய் மேலூர், புதன் திருமங்கலம் என்று. மழை பெய்தாலும் அந்த நாளில் ஆள் போக வேண்டும். நான்கு வாரம் தவறாமல் போனால் கடைக்காரரே அந்த நாளுக்குக் காசு எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார். பில்லைச் சரக்கோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதி அனுப்பினால், அவர் நாளை எண்ணத் தொடங்குவதே அன்றுதான். வாட்ஸப்பில் பாக்கி விவரத்தைத் தவணைக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அனுப்புவதும் நல்ல பழக்கம். கேட்பதுபோல இருக்காது, நினைவூட்டுவதுபோல இருக்கும்.

இதைவிடப் பழைய, இன்னும் நன்றாக வேலை செய்கிற முறை ஒன்று நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. பில்லுக்கு பில். முந்தைய பில்லைத் தீர்த்தால்தான் அடுத்த சரக்கு இறங்கும். "அண்ணாச்சி, போன பில்லை முடிச்சிட்டு இதை இறக்கிருவோமா?" என்று வண்டிக்காரத் தம்பி சிரித்த முகத்தோடு கேட்டால் போதும். இதில் பாக்கி ஒரு பில்லுக்கு மேல் ஏறவே ஏறாது. புதிதாகச் சேரும் கடைகளை முதல் நாளிலிருந்தே இந்த முறையில் வைத்துவிடுங்கள். பழைய கடைகளை ஒரே நாளில் மாற்ற முடியாது. கூடிக் கிடக்கும் பாக்கியை நாலைந்து பில்லாகப் பிரித்து, ஒவ்வொரு லோடோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம்.

ரொக்கத் தள்ளுபடி தரலாமா என்று பலர் கேட்பதுண்டு. 40 நாளில் வரவேண்டிய 100 ரூபாயை உடனே வாங்க 2 ரூபாய் விட்டுக்கொடுத்தால், அது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீத வட்டிக்குச் சமம். மூன்று வட்டிக்கு வாங்கியிருப்பவர், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம் கட்டுபவர், தாராளமாகக் கொடுக்கலாம். பேங்கில் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் நிலையில் இருப்பவருக்கு இது நஷ்டம். ஒரே தள்ளுபடி ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்குச் செலவாகவும் இருக்கும். அதனால் பக்கத்து யூனிட்காரர் கொடுக்கிறார் என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

சரக்கில் தூங்கும் காசு

உளுந்து விலை ஏறப்போகிறது என்று மதுரையின் மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதியில் பேச்சு அடிபட்டால் உடனே கை துறுதுறுக்கும். இரண்டு மாதத்துக்கான மூட்டையை இறக்கிவிடுவோம். இந்தியாவுக்கு வரும் இறக்குமதி உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது. அங்கே நடக்கும் மாற்றமும் டெல்லியில் எடுக்கும் இறக்குமதி முடிவும் விலையை இழுக்கும். நாம் அதைக் கணித்து ஜெயிப்பது கடினம். சரியாகக் கணித்தாலும்கூட, கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கிய மூட்டைக்காகக் கூலிக்கு வட்டிக்கு வாங்கியிருந்தால் மிச்சம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். அப்பளம் போடுபவர் அப்பளத்தில் சம்பாதிக்கட்டும். உளுந்து விலையில் சூதாட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மழைக்கு முன்னால் சரக்குச் சேர்ப்பது வேறு விஷயம். வெயிலில் காய வைக்கும் யூனிட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெரிய தடை. அதற்கு முன்பே காய்ந்த அப்பளத்தை இருப்பு வைத்தாக வேண்டும். அதே சமயத்தில் தீபாவளி போனஸும் வந்து நிற்கும். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண ஆர்டர் வராது. மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் இது வருடா வருடம் வருகிற நெருக்கடி. ஜூலையிலேயே தெரிந்த செலவுக்கு அக்டோபரில் ஓடக்கூடாது. ஆவணி முகூர்த்த வசூலில் வாரத்துக்கு ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் போனஸ் தயாராக இருக்கும்.

பில் போட்டதும் ஓடிவரும் வரி

அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால் இந்த இடத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு ரப்பர் உதிரிபாகம் செய்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு செப்டம்பர் 5-ல் ஒரு லட்ச ரூபாய்க்கு பில் போடுகிறார், 18 சதவீதம் வரி, மொத்தம் 1,18,000. மாதாந்திர ரிட்டன் போடுபவராக இருந்தால் அந்த 18,000-ஐ, தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, அக்டோபர் 20-க்குள் கட்ட வேண்டும். கம்பெனி நவம்பர் கடைசியில்தான் பணம் தருகிறது. வாங்காத காசுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே வரி கட்டியிருக்கிறார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பில் தேதிதான் கணக்கு, வசூல் தேதி இல்லை. எனவே ஜிஎஸ்டி வசூலாகும்போதே அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது நம் காசு இல்லை. தேவைப்பட்டதும் எடுத்துச் செலவழித்துவிட்டு 20-ஆம் தேதி தவிப்பதுதான் பல யூனிட்களில் நடக்கிறது.

இப்படிப் பெரிய கம்பெனிகளுக்குப் பொருள் செய்து கொடுப்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2006-ல் வந்த சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2023-ல் வருமான வரியிலும் ஒரு திருத்தம் வந்தது. இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள்ளும் தீர்க்காவிட்டால், வாங்கிய கம்பெனி அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இதை நன்றாக அறிவார்கள். இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான், வாங்கி விற்பவர்களுக்கு இல்லை. அதற்கு உத்யம் என்ற அரசுப் பதிவு வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு இலவசம், யாருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டாம். உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். வாயைத் திறந்து சட்டம் பேசாமலே, நீங்கள் யார் என்று அந்த எண் சொல்லிவிடும்.

டிரெட்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது, நம் ஊரில் இன்னும் போதிய பேர் பயன்படுத்தவில்லை. பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்ட பில்லை இந்த மின்தளத்தில் போட்டால் பேங்குகள் போட்டி போட்டு வட்டி சொல்லும். பிடித்த வட்டியைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கழித்துக்கொண்டு பணம் சில நாளில் வந்துவிடும். கம்பெனி பிறகு கட்டத் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் இதில் சேர்வது கட்டாயம். உங்கள் பார்ட்டி அந்த அளவு பெரியவரா என்று கேட்டுப் பாருங்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

நாட்களைக் குறைத்த பிறகும் இடைவெளி இருக்கும். அதற்குக் கடன் வாங்குவதில் தவறில்லை, எந்தக் கடன் என்பதுதான் கேள்வி. தண்டலில் 8,500 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறவர்கள் 1,500 ரூபாய்தானே வட்டி என்று நினைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. பன்னிரண்டு சதவீத லாபத் தொழில் இதைத் தாங்காது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் தயங்காமல் காவல் நிலையத்துக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ போகலாம்.

பேங்கில் இதற்குப் பொருத்தமானது சிசி, அதாவது கேஷ் கிரெடிட் கணக்கு. லிமிட் வரை எடுக்கலாம், வசூல் வந்ததும் போடலாம், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை லிமிட்டாகக் கணக்கிடுவது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி காலத்திலிருந்து இருக்கும் நடைமுறை. 72 லட்சம் விற்பனைக்கு 14.4 லட்சம் வரை வரும். சொத்து ஜாமீன் இல்லாதவர்களுக்கு, சிறு தொழில் கடனுக்கு பேங்கிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசு நிதியத்தின் உத்தரவாதம் இருக்கிறது, முத்ரா கடன் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் பேங்க் பார்ப்பது உங்கள் கணக்கில் ஓடிய பணத்தை. பாதி விற்பனையைக் கையில் வாங்கிக் கையிலேயே செலவழித்தவருக்கு லிமிட்டும் பாதிதான் கிடைக்கும். இன்னொன்று, 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாக பேங்க், லிமிட்டுக்காகப் பார்க்கும் சரக்கு-பாக்கிக் கணக்கில் சேர்க்காது. வசூலில் சோம்பினால் லிமிட்டும் சுருங்கும்.

வண்டியோ மிஷினோ வாங்க ரொட்டேஷன் பணத்தில் கை வைக்காதீர்கள். ஐந்து வருடம் உழைக்கும் பொருளுக்கு ஐந்து வருடத் தவணைக் கடன்தான் சரி. நாலு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்து வண்டி எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மாவுக்கு வட்டிக்கு வாங்கிய ஆட்களை நிறையப் பார்க்கலாம். வீட்டுக்கும் மாதச் சம்பளம்போல ஒரே தொகையை ஒரே தேதியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிமூன்று வாரத் தாள்

இதற்கெல்லாம் கருவி ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த 13 வாரத்துக்கு, வாரத்துக்கு ஒரு கட்டம். மேலே ஆரம்ப இருப்பு, அதன் கீழ் வரவு, அப்புறம் செலவு, கடைசியில் மிச்சம். வரவில் பில் போட்ட தொகையை எழுதக் கூடாது. அந்தக் கடைக்காரர் வழக்கமாக எந்த வாரம் கொடுப்பாரோ அந்த வாரத்தில் எழுத வேண்டும். கொடுப்பதாகச் சொன்ன தேதியைவிட, இதுவரை கொடுத்த பழக்கத்தை நம்புங்கள்.

நம் அப்பள யூனிட்டின் ஒரு வாரம் இப்படி இருக்கலாம்: இருப்பு 40,000, வசூல் 1,20,000. மில்லுக்கு 95,000, கூலி 30,000, வாடகை 12,000, வண்டித் தவணை 15,000 போனால் மிச்சம் 8,000. அடுத்த வாரக் கட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் 40,000 உட்கார்ந்திருந்தால், அங்கே மைனஸ் வருவது இப்போதே கண்ணுக்குத் தெரியும். நான்கு வாரம் முன்னால் தெரிந்த மைனஸுக்கு வழி இருக்கிறது: இரண்டு பெரிய பாக்கியை முன்னதாகக் கேட்கலாம், மில்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லலாம். "அண்ணே, 20-ஆம் தேதிக்குத் தர்றதை 27-க்குத் தர்றேன்" என்று முன்கூட்டியே சொல்பவரை மில்காரர் நம்புவார். அன்றைக்கு போனை அணைத்து வைப்பவருக்கு அடுத்த லோடு ரொக்கத்துக்குத்தான்.

பெரிய ஆர்டர் வரும்போதும் இந்தத் தாளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் மாதம் 2 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், 60 நாள் தவணை, விற்காததைத் திருப்பிவிடுவேன் என்கிறார். கேட்க ஆசையாக இருக்கும். 2 லட்சச் சரக்குக்கு நம் செலவு 1,76,000. குடோனிலும் தயாரிப்பிலும் 20 நாள், அவரிடம் 60 நாள், மில் தவணை 15 போக 65 நாள். நாளுக்குச் சுமார் 5,900 வீதம், இந்த ஒரு பார்ட்டிக்காக மட்டும் 3,80,000 ரூபாய் உள்ளே போட வேண்டும். அதை 13 வாரத்தில் பிரித்து எழுதிப் பார்த்தால் எந்த வாரம் முட்டும் என்று தெரியும். அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசலாம்: கவர் அச்சடிக்கும் செலவுக்கு முன்பணம் கேட்கலாம், 60 நாளை 30 ஆக்கச் சொல்லலாம், இல்லையென்றால் முதல் மூன்று மாதம் 80,000 ரூபாய்ச் சரக்கோடு ஆரம்பிக்கிறோம் என்று சொல்லலாம்.